உரியவரிடம் சேர்ந்தது

டீயை முதலில் குடித்துவிடுங்கள் முத்துராமலிங்கம் அண்ணே, ஆறிவிடும். செக்காலை ரோட்டில் இந்த ஒரு கடையில்தான் சொல்லாமலே சர்க்கரையைக் குறைத்துப் போடுவார்கள். அந்த நாற்காலியில் மட்டும் சாய வேண்டாம், முதுகுப் பலகை கையோடு வந்துவிடும். இந்தக் கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி ஆண்டியப்பன் அண்ணன் தச்சு ஆசாரிக் குடும்பம். ஊருக்கெல்லாம் நிலையும் கதவும் செய்து கொடுத்தவர்கள். அதனால்தான் இங்கே ஒரு நாற்காலிகூட உருப்படியாக இல்லை.

நாட்டரசன்கோட்டையில் உங்கள் சொந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டீர்களோ என்னவோ, அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்திருக்கிறீர்கள். வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "ஏன்டா ஆனந்து, அந்த மனுசனை ஒருத்தருகூடப் போன்ல கூப்பிடலையே, ஏன்டா?"

நியாயமான கேள்வி. மஸ்கட்டில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர் நீங்கள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் ஈமெயில் கடைக்குமாக நடந்து, அவர் சொல்லச் சொல்ல அவருடைய சேதிகளை அடித்து அனுப்பியவரும் நீங்கள்தான். முறையாகப் பதில் சொல்கிறேன். சொல்லும்போது என் முகம் மாறவில்லையே என்று நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அது பழக்கம். கல்லூரியில் நான் சுவர்ப் பத்திரிகை நடத்துகிறவன். மணிக்கூண்டுக் கடிகாரம் இருபது நிமிடம் பிந்தி ஓடுவதால், இனி மாணவர்கள் அனைவரும் இருபது நிமிடம் பிந்திப் பிறந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டினேன். ரெண்டு பேர் ஆபீசில் போய் அதற்கு விண்ணப்பப் படிவம் கேட்டார்கள். சிரிக்காமல் சொன்னால் மக்கள் எதையும் நம்புவார்கள். அல்லது எதையுமே நம்பமாட்டார்கள். ரெண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

போன வருடம் வரை இந்தச் சென்டர் ஒரு சந்தைக்கடை. சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர்களின் சேதி ஃபேக்ஸில் வரும். பினாங்கு, மஸ்கட்டிலிருந்து ஈமெயிலில் வரும். தேவகோட்டைக் கிளையில் பிளாப்பியில் பதிந்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். பள்ளத்தூர் பூத்துக்குப் போனில் வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே வள்ளிக்கண்ணு அக்கா எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுக்கும். ஒவ்வொரு இடமும் மற்ற எல்லா இடத்தோடும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு சேதி ரெண்டு தடவை போகும், இன்னொன்று போகவே போகாது. திருக்கோஷ்டியூரில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய "ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம்" என்ற சேதி, பள்ளத்தூரில் எழுபது வயசுக்காரர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பினாங்கில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

இதைச் சரிசெய்வதுதான் என் எம்.சி.ஏ. கடைசி வருட ப்ராஜெக்ட். மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் இன்டக்ரேஷன் பிளாட்பாரத்தை ஆண்டியப்பன் அண்ணன் வாங்கிக் கொடுத்தார். வெவ்வேறு பாஷை பேசும் கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைக்கிற மென்பொருள். அதற்கு நடுவில் நான் ஒரு மெசேஜ் புரோக்கரை நிறுவினேன். இனி யாரும் யாரோடும் நேரே பேச வேண்டாம். எல்லாரும் நடுவில் இருக்கிற இவனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். இவன் வரிசையில் போட்டு வைத்திருந்து, உரிய பூத் டயல் பண்ணி வரும்போது கொடுத்துவிடுவான். நீங்கள் மஸ்கட்டில் இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிற தமிழை, பள்ளத்தூர் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்தாக மாற்றிக் கொடுப்பதும் இவன்தான்.

ஆண்டியப்பன் அண்ணனுக்கு இதை விளக்கிய நாள் ஞாபகம் இருக்கிறது.

"புரோக்கருன்னா, நம்ம கல்யாணப் புரோக்கரு மாதிரியாப்பா?"

"அதேதாண்ணே. ரெண்டு வீட்டாரும் நேருக்கு நேரு பேச வேண்டியதில்ல."

"அப்பப் பொய் சொல்லுமே."

"இது சொல்லாதுண்ணே."

"சொல்லாமக் கல்யாணம் முடிஞ்சதா நான் கேள்விப்பட்டதே இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போய்விட்டார்.

புரோக்கர் கொடுக்கிற வாக்குறுதி மூன்று. சேதி தொலையாது. ஒரே சேதி ரெண்டு தடவை போகாது. வந்த வரிசை மாறாது. நான்காவதாக ஒரு ஒழுக்கம் உண்டு. உறையின் மேல் எழுதியிருப்பதை மட்டும்தான் பார்ப்பான்: யாரிடமிருந்து, யாருக்கு, என்ன வகை. நல்லது, பொது, உடல்நலம், சாவைச் சொல்லும் கேதம் என்று வகை நான்கு. அனுப்புகிறவர் வகையைக் குறிக்க வேண்டும். உள்ளே இருப்பதைப் படிக்கக் கூடாது. சேதி கைக்குப் போனதும் பூத்தில் ஒரு விசையை அழுத்துவார்கள். "உரியவரிடம் சேர்ந்தது" என்று அனுப்பியவருக்கு ஒப்புகை போகும். இந்த ரெண்டு சொல்லை யோசித்து வைத்ததும் நான்தான்.  

கார்த்திகை மாதம் திருக்கோஷ்டியூரில் ஒரு வீட்டில் தாலி கட்ட இருந்த நேரத்தில், பெண்ணின் பெரியப்பா கோலாலம்பூரில் தவறிப்போன சேதியை எங்கள் பூத்தில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். மேளம் நின்றது. மறுநாள் ஆண்டியப்பன் அண்ணன் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஏப்பா, ஒன் மெசினுக்கு நல்லது கெட்டது தெரியாதா? முகூர்த்த வீட்ல கேதத்தச் சொல்லலாமா? தெருவுல போற குடிகாரன்கூட அந்த வீட்டுப் பந்தலப் பாத்தா வாயப் பொத்திக்கிட்டு அங்குட்டுப் போயிருவான். அதுக்கும் நம்ம வழக்கத்தச் சொல்லிக் குடுப்பா."

சொல்லிக் கொடுத்தேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கல்யாண வீட்டுக்குச் சாவுச் சேதி வந்தால், தாலி ஏறி, சாப்பாடு முடிகிறவரை சொல்லமாட்டோம். தெரிந்தவர் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பார். அந்த மனிதரைத்தான் நான் கம்ப்யூட்டருக்குள் உட்கார வைத்தேன். பூத்துக்காரர்கள் கல்யாண வீடுகளுக்குச் "சுபம்" என்று குறி வைத்துவிடுவார்கள். குறி நீங்குகிறவரை அந்த வீட்டுக்கான கேதச் சேதி தனி வரிசையில் காத்திருக்கும்.

முதல் தடவை ஒரு சிக்கல் வந்தது. அனுப்பியவருக்கு "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று ஒப்புகை போயிற்று. அவர் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பதில் சரியாக வராவிட்டால் மனிதர்கள் வேறு வழி தேடுவார்கள். அதனால் ஒப்புகையை மாற்றினேன். நிறுத்தி வைத்த சேதிக்கும் "உரியவரிடம் சேர்ந்தது" என்றே போகும். எப்படியும் சேரத்தானே போகிறது. கொஞ்சம் முந்திச் சொல்கிறோம், அவ்வளவுதான். ஊரில் எல்லாருக்கும் இந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

இனி எங்கள் வீட்டுக் கதை.

ஜெசியை நீங்கள் பார்த்ததில்லை. என் அக்கா. பள்ளத்தூரில் டீச்சர். நாலு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் மாதா கோயில் வாசல்வரை வந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது, பின்னாலேயே ஒரு டி.வி.எஸ். பிஃப்டியில் ஆள் வந்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன் தவறிவிட்டார். வேன் அப்படியே திரும்பியது. தள்ளி வைத்த கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ராசியில்லாத பெண் என்று ஒரு வார்த்தையோடு நின்றுபோனது. கிறிஸ்தவர்களுக்கு ராசி ஏது என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதற்கப்புறம் ஜெசி யார் கல்யாணத்துக்கும் பூசைக்குப் போவதில்லை. சாப்பாடு முடிந்து, எச்சில் இலை எடுக்கிற நேரத்துக்குப் போய்ப் பரிசைக் கொடுத்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வரிசையில், செருப்புப் பக்கத்தில் உட்காருவாள்.

அப்படி இருந்தவளுக்கு இந்த ஜோசப் ராஜ் வந்தார். கப்பலில் வேலை. நல்ல மனிதர். அவருக்கு லீவு குறைச்சல். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து முடிக்க வேண்டும். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், ஈஸ்டர்வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் அவர் கப்பல் ஏறிவிடுவார். எனவே புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை. அதைத் தவறவிட்டால் இன்னொரு வேனும் திரும்பிப் போகும்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும். பொங்கல் சமயத்தில் பூத்துக்குப் போன் பண்ணியபோது அவர் சொன்னார்: "நான் வந்தாலும் வராட்டியும் இந்தக் கல்யாணம் நிக்கப்படாது. அத மட்டும் நீ பாத்துக்க." என்னிடம்தான் சொன்னார். நான் அதைப் பார்த்துக்கொண்டேன். இதற்கு மேல் நான் சொல்லப் போவதையெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

ரெண்டாம் ஓலை வாசித்த வாரம் உங்களிடமிருந்து முதல் சேதி வந்தது. பெறுநர் ஞானபூரணி, பள்ளத்தூர். எங்கள் அம்மா. வகை, உடல்நலம்.

உறைக்கு உள்ளே படிக்கக் கூடாது என்று சொன்னேன் இல்லையா. படித்தேன்.

"நெஞ்சுல வலி வந்து பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்காக. பயப்பட வேணாம். இங்கருந்து வெளிய பேச முடியாது, வெளியருந்து வார போன எடுத்துக் குடுக்குறாக. கீழ நம்பர் இருக்கு. சாயந்திரமாக் கூப்பிடுங்க. பூரணிகிட்ட ரெண்டு வார்த்த பேசணும்."

ஆண்டியப்பன் அண்ணன் கேதத்தை மட்டும்தான் நிறுத்தச் சொல்லியிருந்தார். உடல்நலத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பள்ளத்தூர் பூத் டயல் பண்ணிச் சேதிகளை எடுத்துக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நிறுத்தி வைக்கிற விதியில் "உடல்நலம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஒரே ஒரு வரிதான். எங்கள் வீட்டுக்கு வள்ளிக்கண்ணு அக்கா சுபம் குறி ஏற்கெனவே வைத்திருந்தது. சேதி ஓசைப்படாமல் தனி வரிசைக்குப் போயிற்று. உங்களுக்கு ஒப்புகை வந்திருக்கும்.

அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு இருமல் என்றாலே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு கஞ்சி குடிக்கிறவள். இந்தச் சேதி போயிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஜெசி வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். அவளுக்கு வேண்டாம் என்று சொல்வது இப்போது நன்றாகப் பழகிவிட்டது. நான் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் சொல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மறுநாள் வீட்டில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா, ஜெசி, சித்தி எல்லாரும் இருந்தார்கள். நான் அடுப்படி வாசலில் நின்று, எனக்கு வருகிற குரலில் சொன்னேன்.

"அப்பா மஸ்கட் ஆஸ்பத்திரில ராஜா கணக்காப் படுத்திருக்காராம். ஏசி ரூமாம். நர்ஸ் ஸ்பூன்ல கஞ்சி ஊட்டுதாம்."

"போன தடவ ஒட்டகத்துக்கு ஏசி மாட்டப் போயிருக்காருன்னு சொன்னவன்தானடா நீ" என்றாள் ஜெசி.

"அப்பனப் பத்திப் பேசுற பேச்சப் பாரு. நல்ல காரியம் நடக்குற வீட்ல ஆஸ்பத்திரிங்குறான். போயி வாயக் கழுவிட்டு வாடா" என்றாள் அம்மா.

சித்தி சிரித்த சிரிப்பில் கரண்டி எண்ணெய்க்குள் விழுந்துவிட்டது. ஜெசியும் சிரித்தாள். நாலு வருடமாக அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை அண்ணே. நானும் போய் வாயைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு அதிரசம் எடுத்துத் தின்றேன்.

எங்கள் தொழிலில் இதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. கொண்டுபோய்க் கொடுத்தோம், அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட சேதிக்கென்று தனியாக ஒரு வரிசையே இருக்கிறது. அனுப்பியவன் மேல் குற்றமில்லை.

அதே வகையில் ரெண்டாவது சேதி வந்தது. "சேதி கெடச்சதுன்னு பதில் வந்துச்சு. கல்யாண வேலைல நேரம் இருக்காது, தெரியும். முடிஞ்சா ஜெசிய மட்டும் பேசச் சொல்லுங்க. ஒரு நிமிசம் போதும்." இதற்கும் ஒப்புகை வந்ததும் நீங்கள் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். சாயங்காலம் ஆனால் அந்த வார்டு போனைப் பார்க்கிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார் என்று சற்று முன்னால் சொன்னீர்களே, அது இந்த ரெண்டாவது சேதிக்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும்.

ஒப்புகை வராமல் இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? கம்பெனி ஆளைப் பிடித்தாவது பள்ளத்தூருக்குப் போன் போட்டிருப்பீர்கள். வந்துவிட்டது, அதனால் போடவில்லை. உங்கள் மேல் தப்பே கிடையாது. நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யவிடாமல் தடுப்பதற்காகத்தான் அந்த ஒப்புகையை அப்படி எழுதியிருந்தேன். நன்றாக வேலை செய்தது.

மூன்றாவது சேதி இது. "இனி கூப்பிட வேணாம். சங்கடப்பட வேணாம். போட்டோ எடுக்கையில பூரணி பக்கத்துல எடம் காலியா விட வேணாம். தம்பிய நிக்கச் சொல்லுங்க. பிள்ளைக்கி அது கொறையாத் தெரியக் கூடாது."

போட்டோவில் அம்மா பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அம்மா பிடிவாதமாக விட்டுவைத்தாள். "அவுக வந்து நிக்கிற எடம்" என்றாள். அவளுக்கு இந்தச் சேதி தெரியாதல்லவா.

நாலாவது சேதியைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்காகவே வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதுவரை அம்மா பேரில் வந்தவையெல்லாம் விதிப்படி நின்றன. நாலாவது என் பேருக்கு வந்தது. மரிய ஆனந்த், கம்ப்யூட்டர் சென்டர், காரைக்குடி. வகை, பொது. என்னை நிறுத்தி வைக்க எந்த விதியும் கிடையாது. எனக்குச் சுபம் குறியும் இல்லை. இந்தத் திரையிலேயே வந்து நின்றது.

"ஆனந்து, எல்லாச் சேதியும் ஒங் கைவழியாத்தாம் போகுதுன்னு முத்துராமலிங்கம் சொன்னாப்ல. அப்ப நீ படிச்சிருப்ப. கல்யாணம் நிக்கப்படாதுன்னு சொன்னது நாந்தான், அதான் நீ சொல்லாம வச்சிருக்கன்னு இப்பத் தோணுது. கோவம் இல்லப்பா. அம்மாட்டச் சொல்ல வேணாம். நீ மட்டும் ஒரு தடவ கூப்புடு. கல்யாண வீட்ல என்ன நடக்குதுன்னு ஒன் பாணில சொல்லு. கேட்டுச் சிரிச்சுக்கிறேன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம். ஆண்டியப்பன் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். அதோ அந்த போன்தான். ஐ.எஸ்.டி. வசதி உண்டு. நம்பர் திரையிலேயே இருந்தது. கையை ரிசீவர் மேல் வைத்தேன். அது சூடாக இருந்தது, ஜன்னல் வெயில் அதன் மேல்தான் விழும்.

வைத்துக்கொண்டு யோசித்தேன். பேசினால் அவர் குரல் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோகும். தெரிந்த பிறகு வீட்டுக்குப் போய் அந்த முகத்தோடு பந்தலில் நிற்க வேண்டும். என் முகம் எதற்கும் மாறாது என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் நம்பவில்லை. ஜெசி ஒரு தடவை பார்த்தால் போதும், கண்டுபிடித்துவிடுவாள். வேன் திரும்பிவிடும். ரெண்டு நாள் பொறுத்தால் திங்கட்கிழமை. கல்யாணம் முடிந்ததும் எல்லாருமாக வந்து வரிசையாக நின்று கூப்பிடுவது, முதலில் அம்மா, பிறகு ஜெசியும் மாப்பிள்ளையும், கடைசியில் நான், என்று ஏற்பாடு செய்துகொண்டேன். மனதில்தான்.

பிறகு கையை எடுத்து விசையை அழுத்தினேன். மற்ற மூன்றுக்கும் ஒப்புகை அனுப்பியது கம்ப்யூட்டர். இதற்கு அனுப்பியது நான். உரியவரிடம் சேர்ந்தது. அந்த ஒரு தடவை அது உண்மையும்கூட.

அவர் அதைக் கேட்டு என்ன சொன்னார் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை பூசையில் ஜெசி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டும்போது அவள் தலையைக் குனியவே இல்லை. நேராக நிமிர்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாராவது வண்டியில் வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை. வர வேண்டியவர் அப்போது இந்தச் சென்டருக்குள் தனி வரிசையில் இருந்தார். வகை, கேதம். விடிகாலையில் அப்பா போய்விட்டார் என்று நீங்கள் அனுப்பியது. உங்களுக்கு உடனே ஒப்புகை வந்திருக்கும். இவ்வளவும் தெரிந்தபிறகும் பந்தி போட்டுச் சாப்பிடுகிறார்களே, இவர்கள் என்ன ஜென்மம் என்று நினைத்திருப்பீர்கள். இத்தனை மாதமாக அதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பூசை முடிந்ததும் சைக்கிளில் இங்கே வந்து அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன். பந்தியில் சாம்பார் ஊற்றினேன். அம்மா சாப்பிடாமல் சுற்றிக்கொண்டிருந்தாள், அவளை உட்கார வைத்து இலை போட்டு, ரெண்டாம் தடவை சோறு வைத்தேன். "என்னடா இன்னிக்கி இம்புட்டுக் கவனிப்பு" என்றாள். ரசம்வரை சாப்பிட்டாள். கை கழுவி வந்தபிறகு குறியை நீக்கச் சொல்லி வள்ளிக்கண்ணு அக்காவுக்குச் சொன்னேன். சேதி வந்தது.

அதற்குப் பிறகு ஊர் என்னை மெச்சியது. சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுதார். "இவன் மட்டும் இல்லைன்னா இந்தப் பிள்ள கல்யாணமும் நின்னுருக்கும்" என்றார். ஆண்டியப்பன் அண்ணன் இழவு வீட்டிலேயே நாலு பேருக்கு விதியை விளக்கினார். கேதத்தைக் கால் நாள் நிறுத்தி வைத்தது எல்லாருக்கும் தெரியும். அது வழக்கம். அதற்கு முன்னால் வந்தவை யாருக்கும் தெரியாது.

நீங்கள் கேட்கலாம், குறி நீங்கியதும் அப்பாவின் மற்ற மூன்று சேதிகளும் ஏன் போகவில்லை என்று. வரிசைப்படி அவைதான் முதலில் போக வேண்டும். அன்றைக்கு நான்தான் கேதத்தை மட்டும் முன்னால் எடுத்து விட்டேன். இறந்தவர் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிற வீட்டுக்கு, "பூரணிகிட்ட ரெண்டு வார்த்த பேசணும்" என்று அவரே எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுப்பது எப்படி? பிந்தியது முந்திப் போய்விட்டது. இனி முந்தியது பிந்திப் போனால் வரிசை கெடும். அது புரோக்கரின் அடிப்படை வாக்குறுதி.

அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். தினமும் ஒரே ஒரு விஷயம்தான் சொல்கிறாள். "எல்லாரும் போறதுதான். ஆனா எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாகளே. கேக்கணும்னுகூடத் தோணலையே அவுகளுக்கு." காபி ஆற்றும்போது சொல்வாள், செபமாலையை எடுத்து மாட்டும்போது சொல்வாள். நான் பக்கத்தில்தான் இருப்பேன். அங்கே அவர் எங்களை நினைத்தபடியே போனார், இங்கே அம்மா அவரை நினைத்தபடியே இருக்கிறாள். ரெண்டு பக்கமும் ஒரே புகார்தான். நடுவில் இருக்கிறவனுக்குத்தான் ரெண்டும் தெரியும்.

பெட்டியைத் திறக்க வேண்டாம் அண்ணே. அப்படியே இருக்கட்டும். அந்த வாசனை எனக்கு மூடியிருக்கும்போதே வருகிறது.

நீங்கள் இங்கிருந்து நேரே பள்ளத்தூர் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். சொல்ல வேண்டியதுதான். நான் தடுக்கவில்லை. பஸ் அடிக்கடி உண்டு. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ஜெசி முழுகாமல் இருக்கிறாள். மாப்பிள்ளை கப்பலில் இருப்பதால் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். மசக்கை அதிகம், தண்ணீர்கூட நிற்பதில்லை. அம்மா பல மாதம் கழித்து இப்போதுதான் அவளுக்காக எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். இந்த நேரத்தில் போய் நின்று சொல்வது நம் பக்கத்து வழக்கமா என்று நீங்களே சொல்லுங்கள். போன வாரம் எங்கள் வீட்டுக்கு மறுபடி சுபம் குறி வைத்திருக்கிறேன். பிரசவம்வரை. அதற்குப் பிறகு ஞானஸ்நானம் இருக்கிறது. அது முடிந்ததும் ஒரு நல்ல நாளாகப் பார்த்து நானே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

போய்த்தான் தீர்வேன் என்கிறீர்கள். சரி, பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன், கனமாக இருக்கிறது. அம்மா கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நான் மறைத்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாலு சேதியும் அனுப்பியபடியே, ஓர் எழுத்துக்கூட மாறாமல் இந்தக் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருக்கின்றன. இதை நிறுவிய நாளிலிருந்து என்னிடம் ஒரு சேதிகூடத் தொலைந்ததில்லை.